எளிய மெட்டல் டிடெக்டரா, எல்லாவற்றையும் மாற்றி அமைக்கும் டிடெக்டரா? வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் மெட்டல் டிடெக்டரோடு வயலிலும் கடற்கரையிலும் நடப்பது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. அங்கே வாழும் நம்மவர்களில் சிலரும் இதில் இறங்குகிறார்கள். இறங்கியதும் முதல் குழப்பம் கடையிலேயே தொடங்கிவிடும். ஒரு பக்கம் நாலு பொத்தான் மட்டும் உள்ள கருவி, இன்னொரு பக்கம் மெனுவுக்குள் மெனுவாக நீளும் கருவி, நடுவே பல நூறு பவுண்டு விலை வித்தியாசம். அந்தக் குழப்பத்துக்குத்தான் இந்தப் பக்கம்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

வேலை செய்யும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பொழுதுபோக்குக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே முறையில்தான் இயங்குகின்றன. கீழே வட்டமாக இருக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருளுக்குள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடும். அது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அதன் எதிரொலி காயிலுக்குத் திரும்பும். அந்த எதிரொலி எவ்வளவு வலுவாக, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத்தான் கருவி 'இது இரும்பு, இது வெள்ளி' என்று ஊகிக்கிறது. ஆமாம், ஊகம்தான்.

இந்த ஊகத்துக்கு நடுவே பல முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. மண்ணின் சொந்தச் சத்தத்தை எவ்வளவு கழிப்பது, இரும்பு மாதிரித் தெரிவதை ஒலிக்க விடுவதா அடக்குவதா, ஒரு சிக்னலை முடித்து அடுத்ததற்கு எவ்வளவு வேகமாகப் போவது, எல்லாமே முடிவுகள். எளிய கருவியில் இவற்றையெல்லாம் தயாரித்த பொறியாளர் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிட்டார். மற்றதில் அந்த முடிவுகளை நீங்கள் மாற்றலாம்.

ஒரு முனையில் அமெரிக்காவின் டெசோரோ நிறுவனம் செய்த காம்பாட்ரே இருக்கிறது. ஒரே ஒரு திருகுதான். கருவியை ஆன் செய்வதும் அதுவே, இரும்பை எந்த அளவுக்கு ஒதுக்குவது என்று சொல்வதும் அதுவே. மறுமுனையில் வைட்ஸ் நிறுவனத்தின் வி3ஐ. 2.5, 7.5, 22.5 கிலோஹெர்ட்ஸ் என மூன்று அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கி, ஏறக்குறைய எதையும் மாற்ற விட்ட கருவி. டெசோரோ 2018-லும் வைட்ஸ் 2020-லும் கதவைச் சாத்திவிட்டன. ஆனால் இரண்டு கருவிகளுக்கும் இன்னும் பக்தர்கள் உண்டு.

ஆகவே எத்தனை செட்டிங் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. எனக்காக இந்தக் கருவி எதையெல்லாம் முடிவு செய்கிறது, அந்த முடிவு நான் நடக்கப்போகும் மண்ணுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

செட்டிங் அதிகமுள்ள விலை உயர்ந்த கருவி அதிக ஆழம் போகும், இல்லையா?

கொஞ்சம் போகும். விலை ஏறும் அளவுக்கு ஏறாது. காசு போன்ற சிறு பொருளின் சிக்னல், தூரம் கூடக் கூட ஏறத்தாழ ஆறாம் அடுக்கில் தேய்கிறது. அதாவது ஆழம் இரு மடங்கானால் சிக்னல் கிட்டத்தட்ட 64-இல் ஒரு பங்காகிவிடும். எந்த மெனுவாலும் இதை வெல்ல முடியாது. சாதாரணக் காசை 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் கண்டுபிடித்தாலே நல்ல கருவி. பெரிய காயில் மாட்டினால் ஆழம் கொஞ்சம் கூடும். ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் அதுவே தொல்லையாகும். விலை உயர்ந்த கருவியின் உண்மையான ஆதாயம் ஆழத்தில் இல்லை. ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைப் பிரித்துக் காட்டுவதிலும், ஈர உப்பு மணலில் உளறாமல் இருப்பதிலும்தான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

சரி. முக்கியமாக வயல், புல்வெளி, காய்ந்த மணல் என்றால் எளிய கருவி போதும். காரெட் ஏஸ் வரிசை, நோக்டா சிம்ப்ளெக்ஸ், மைன்லேப் வான்குவிஷ் போன்றவை. புதிதாக வாங்கினால் இவை பெரும்பாலும் 150 முதல் 300 பவுண்டுக்குள் அடங்கும்.

கடற்கரைக்கும் அடிக்கடி போவேன், பழைய ஊர் இருந்த நிலத்துக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது என்றால் நடுத்தரக் கருவி ஒன்றைப் பாருங்கள். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும், தயார்நிலையில் சில மோடுகள் இருக்க வேண்டும், அவற்றுக்கு உள்ளே போய் நாலைந்து விஷயங்களை மாற்ற வழியும் இருக்க வேண்டும். 2018-இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் இந்த வகையைப் பரவலாக்கியது; பிறகு நோக்டா லெஜண்ட் போன்றவை வந்தன.

எல்லாவற்றிலும் உச்சத்தில் இருப்பதை முதல் கருவியாக வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அதைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதற்காக அல்ல. முதல் பருவத்தில் உங்கள் காது இன்னும் பழகியிருக்காது. கருவி தப்பாகச் சொல்கிறதா, நீங்கள் தப்பாகக் கேட்கிறீர்களா, செட்டிங்கைத் தப்பாக மாற்றிவிட்டீர்களா என்று மூன்றையும் பிரித்தறிய வழியே இருக்காது. எளிய கருவியில் மூன்றாவது சந்தேகம் ஒழிந்துவிடும்.

மிச்சமாகும் காசில் பின்பாயிண்டர் ஒன்றும் நல்ல மண்வெட்டி ஒன்றும் வாங்குங்கள். பின்பாயிண்டர் என்பது தோண்டிய குழிக்குள் நீட்டிப் பார்க்கும் கையடக்கக் கருவி. அது இல்லாமல் மண்கட்டிக்குள் சிறு காசைத் தேடி விரலால் துழாவுவது எரிச்சலான வேலை.

இத்தனை செட்டிங்குகளில் எவை உண்மையிலேயே தேவைப்படும்?

முதலாவது சென்சிட்டிவிட்டி, அதாவது கருவியின் காது எவ்வளவு கூர்மை என்பது. இது எல்லாக் கருவியிலும் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். புதியவர்கள் எல்லாரும் இதை உச்சத்தில் வைப்பார்கள். மின்கம்பிகளுக்குக் கீழேயும் பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டரோடு நிற்கும்போதும் கருவி காரணமில்லாமல் கத்தும். இரண்டு மூன்று படி இறக்கினால் அமைதியாகிவிடும். அமைதியான கருவியில் கேட்கும் மெல்லிய சிக்னல், இரைச்சலுக்குள் புதைந்த வலுவான சிக்னலைவிட மேல்.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ். மண்ணில் உள்ள இரும்புக் கனிமங்களும் எதிரொலி தரும். அதைக் கருவி கழித்துவிட வேண்டும். ஏஸ் 250 போன்ற கருவிகளில் இந்தக் கழித்தல் தொழிற்சாலையிலேயே ஒரு சராசரி மண்ணுக்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலம் போன்ற சாதுவான மண்ணில் இதனால் பெரிய நட்டம் இல்லை. செம்மண், எரிமலைப் பாறை, கருமணல் உள்ள இடத்தில் அதே கருவி திணறும். இங்கே கையால் சமன்செய்யும் வசதிக்கு விலை கொடுக்கலாம். செய்வதும் எளிது: உலோகம் இல்லாத இடத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டு காயிலை மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலான கருவிகள் தாமே சமன்செய்துகொள்ளும்.

மூன்றாவது, வேண்டாத உலோகத்துக்குக் கருவியை வாய்மூட வைப்பது. டிஸ்கிரிமினேஷன் என்பார்கள். இது தனிக் கேள்விக்கு உரியது, கீழே வருகிறது.

நான்காவது ரெகவரி ஸ்பீடு. சில நிறுவனங்கள் ரியாக்டிவிட்டி என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒரு சிக்னலைச் சொல்லி முடித்துக் கருவி அடுத்ததைக் கேட்கத் தயாராகும் வேகம் இது. வேகம் குறைவாக இருந்தால் ஆணியின் சத்தம் ஓயும் முன்னே காயில் காசைக் கடந்துவிடும், காசு ஊமையாகிப் போகும். வேகத்தை ஏற்றினால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். ஆழம் சற்றுக் குறையும். ஈக்வினாக்ஸ் 600-இல் இதற்கு 3 படிகள், அதன் அண்ணனான 800-இல் 8 படிகள். எளிய கருவியில் இந்தத் தேர்வே கிடையாது.

மற்றவை? எத்தனை வகை ஒலி, இரும்பின் ஒலி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், பின்னணியில் தொடர்ந்து ஒரு முணுமுணுப்பு வேண்டுமா, திரை வெளிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் சௌகரியம் சார்ந்தவை. காதுக்கு இதமாக இருந்தால் நெடுநேரம் தேடலாம், அவ்வளவுதான். பட்டியலில் 40 அம்சம் போட்டிருந்தால் அதில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

டிஸ்கிரிமினேஷனை நன்றாக ஏற்றி வைத்தால் ஆணி, சாக்லேட் ஃபாயில் தொல்லையெல்லாம் போய்விடுமே?

போய்விடும். கூடவே தங்கமும் போய்விடும்.

கருவி பார்ப்பது உலோகத்தின் பெயரை அல்ல, மின்சாரம் அதில் எவ்வளவு எளிதாகச் சுற்றுகிறது என்பதையும் பொருளின் அளவையும் தடிமனையும் வடிவத்தையும். அதை வைத்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். தடித்த வெள்ளிக் காசு இந்த எண்வரிசையின் உச்சியில் நிற்கும். மெல்லிய தங்க மோதிரமோ, அலுமினிய ஃபாயிலும் பானக் குவளையின் இழுப்பு வளையமும் நிற்கும் அதே இடத்தில் வந்து நிற்கும். இடைக்காலத்தில் கையால் அடித்த இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னிகளைச் சில்லறைக்காக அரையாகவும் காலாகவும் வெட்டினார்கள். அந்தக் கால்துண்டுகள் வெள்ளிதான் என்றாலும் மிகச் சிறியவை, மெல்லியவை. எண் கீழே விழும். ஃபாயிலை அடக்கினீர்கள் என்றால் அவற்றின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள்.

செட்டிங் நிறைந்த கருவியில் 'நாட்ச்' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஓர் எண்ணை மட்டும் எடுத்து ஊமையாக்கலாம். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். பூங்காவில், ஒரே வகை வளையம் நூற்றுக்கணக்கில் கிடக்கும் இடத்தில் உதவும். வயலில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அங்கே இரும்பை மட்டும் லேசாக ஒதுக்கி, மற்ற எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பவருக்குத்தான் நல்ல பொருள் கிடைக்கிறது.

இன்னொரு சிறு குறிப்பு. புதுக் கருவி வந்ததும் வீட்டில் கிடக்கும் ஒரு ரூபாய் காசைத் தரையில் போட்டுச் சோதிப்பார்கள். கருவி அதை இரும்பு என்று சொல்லிவிட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். இப்போதைய ஒரு ரூபாய் காசு துருப்பிடிக்காத எஃகு. பிரிட்டனின் ஒரு பென்னியும் 1992 முதல் செம்பு பூசிய எஃகுதான். அதற்கு முந்தையது வெண்கலம், இரண்டும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும். சோதிக்க வெள்ளி மெட்டியும் தங்க மோதிரமும் எடுங்கள். மோதிரத்தின் எண் எவ்வளவு கீழே வருகிறது என்று பார்த்தாலே மேலே சொன்னது புரிந்துவிடும்.

கடற்கரைக்கு எது நல்லது?

காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஓடும். அலை நனைத்த மணலில்தான் சோதனை. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவிக்கு அந்த மணலே ஒரு பெரிய உலோகத் தகடு போலத் தோன்றும். சென்சிட்டிவிட்டியை இறக்கிச் சமாளிக்கலாம், ஆனால் எவ்வளவு இறக்குவது? ஒரு கட்டத்துக்கு மேல் மோதிரமும் கேட்காது.

பல அதிர்வெண் கருவிகள் ஒன்றின் பதிலை மற்றொன்றின் பதிலோடு ஒப்பிட்டு உப்பின் சிக்னலைக் கழித்துவிடுகின்றன. இங்கேதான் 'எளியது', 'சிக்கலானது' என்ற பிரிவே கொஞ்சம் உடைகிறது. மைன்லேப் வான்குவிஷ் மிக எளிய கருவி, கிரவுண்ட் பேலன்ஸ் பொத்தான்கூட இல்லை. ஆனால் உள்ளே பல அதிர்வெண் இயங்குவதால் ஈர மணலில் அமைதியாக இருக்கும். பத்து செட்டிங் உள்ள ஒற்றை அதிர்வெண் கருவியால் அது முடியாது. கடற்கரைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது செட்டிங் பட்டியலை அல்ல, அதிர்வெண்ணை.

தண்ணீருக்குள் இறங்குவீர்கள் என்றால் முழுக் கருவிக்கும் நீர்ப்புகாத் தன்மை இருக்கிறதா, காயிலுக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

எனக்குக் கிடைத்த வயல் முழுக்கப் பழைய ஆணி. எளிய கருவி போதுமா?

இந்த இடத்தில்தான் மாற்றி அமைக்கும் கருவி தன் விலையைச் சம்பாதிக்கிறது. மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்த நிலம் என்றால் ஆணி இருக்கும். ஆணி இல்லாத வயலில் காசும் குறைவு. எல்லாரும் 'குப்பை நிலம்' என்று விட்டுப்போன இடத்தில் ரெகவரி ஸ்பீடை ஏற்றி, இரும்பை முழுக்க ஊமையாக்காமல் மெல்லிய தாழ்குரலில் ஒலிக்க விட்டு, சிறிய காயில் மாட்டி, மெதுவாக நடந்தால் ஆணிகளுக்கு நடுவே ஒரு சின்ன 'கிணுக்' கேட்கும். திசையை மாற்றி மறுபடி வீசிப் பாருங்கள். ஒரு பக்கமிருந்து மட்டும் கேட்டு மறுபக்கமிருந்து மறைவது ஆணிக்கு அடியில் ஒளிந்த காசாகவும் இருக்கலாம், வளைந்த இரும்பின் ஏமாற்றாகவும் இருக்கலாம். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பெயர் வாங்கியது பிரான்சின் எக்ஸ்பி டியஸ். எடையும் ஒரு கிலோவுக்குக் குறைவு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: காம்பாட்ரேயும் தன் சிறிய காயிலால் ஆணிக்காட்டில் நல்ல பெயர் எடுத்த கருவிதான். அதைச் செய்த பொறியாளர் எடுத்த முடிவு இந்த நிலத்துக்குத் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

பிரிட்டனுக்கே உரிய இன்னொரு தலைவலி, வயலில் கொட்டப்படும் மட்கிய உரத்தோடு வரும் அலுமினியத் துணுக்குகள். அப்படி ஒரு வயல் மாட்டினால் எந்தக் கருவியும் உதவாது, வேறு வயல் தேடுங்கள்.

எளியது என்றால் தரம் குறைந்ததுதானே?

கண்ணிவெடி அகற்றுபவர்களைப் பாருங்கள். இலங்கையின் முகமாலையிலும் வன்னியிலும் வேலை செய்தவர்கள் கையில் இருந்த கருவிகள் மிக விலை உயர்ந்தவை, ஆனால் கட்டுப்பாடுகள் மிகக் குறைவு. வேண்டுமென்றே அப்படி. அந்த வேலையில் ஆணியை ஒதுக்கிவிட்டுத் தேடுவது என்பதே கிடையாது. சில கண்ணிவெடிகளில் உலோகம் ஒரு சிறு ஊசி அளவுதான். களைத்த கை தவறுதலாக ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே எளிமையே பாதுகாப்பு.

எளிய கருவியில் பெரிய புதையல் கிடைத்தது உண்டா?

உண்டு. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டம் ஹாக்ஸ்னில் எரிக் லாஸ் என்பவர், நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார். கையில் இருந்தது பணி ஓய்வுக்குப் பரிசாகக் கிடைத்த டிடெக்டர். கிடைத்தது ரோமானியர் காலத்தின் தங்க, வெள்ளிக் காசுகள் 15 ஆயிரத்தை ஒட்டி, கூடவே நகைகளும் கரண்டிகளும். அவர் எல்லாவற்றையும் அள்ளாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதால் தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்தார்கள். வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2009-இல் ஸ்டாஃபோர்டுஷயரில் டெரி ஹெர்பர்ட்டுக்குக் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலும் பழைய கருவியில் அகப்பட்டதுதான். அதன் மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ மலிவுக் கருவியே போதும்' என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த இரண்டு பேரும் வென்றது இடத்தால். குவியலாகக் கிடக்கும் தங்கத்தை எந்தக் கருவியும் கூவிச் சொல்லும். கருவியின் திறமை தெரிவது ஒற்றைக் காசில்.

இணையத்தில் ஒருவர் தன் செட்டிங் முழுவதையும் வெளியிட்டிருக்கிறார். அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

அவருடைய மண்ணும் உங்களுக்குக் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். அவர் ஈரமான களிமண்ணில் ஆழமான காசு தேடியிருப்பார், நீங்கள் காய்ந்த புல்வெளியில் நிற்பீர்கள்.

கற்கும் வழி இதைவிட எளிது. தோட்டத்தில் ஓர் ஓரமாக ஒரு வெள்ளிப் பொருள், ஒரு செப்புக் காசு, ஓர் ஆணி, ஆணிக்குப் பக்கத்திலேயே ஒரு காசு என்று வெவ்வேறு ஆழத்தில் புதைத்து அடையாளக் குச்சி வையுங்கள். தொழிற்சாலை செட்டிங்கில் கேளுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது. வயலில் வைத்து எல்லாம் குழம்பிவிட்டால் ரீசெட் செய்துவிட்டுத் தொடருங்கள். அதற்கான பொத்தான் எது என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். தங்கக் கட்டி தேட எது?

அங்கே கணக்கே வேறு. விக்டோரியாவின் பலராட், பெண்டிகோ பகுதி மண்ணில் இரும்புக் கனிமம் மிக அதிகம். பூங்காக் கருவி அங்கே கல்லுக்கெல்லாம் கத்தும். மண்ணின் சிக்னலைக் கையாள்வதே அங்கே பாதி வேலை.

ஒரே நிறுவனம் இரண்டு வழியிலும் கருவி செய்திருக்கிறது என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. மைன்லேபின் ஜிபிஎக்ஸ் 5000-இல் மண்ணுக்கு ஏற்ப 'டைமிங்' என்ற இயங்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்தவர் கையில் அது அற்புதம், தெரியாதவர் தவறான டைமிங்கில் நாள் முழுக்க நடந்து வெறுங்கையோடு வருவார். 2014-இல் வந்த எஸ்டிசி 2300-இல் கட்டுப்பாடுகள் சில மட்டுமே. மேலாகக் கிடக்கும் சிறு துணுக்குகளுக்கு அது கெட்டி. கோல்டு மான்ஸ்டர் 1000 இன்னும் எளிது, 45 கிலோஹெர்ட்ஸில் இயங்கிச் சமன்செய்வதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

முதல்முறை போகிறவருக்கு என் ஓட்டு எளியதற்கு. 1980-இல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் டிடெக்டரால் கண்டெடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோவுக்கும் மேற்பட்ட கட்டி. அதை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது கிராம் கணக்கில்தான். விக்டோரியாவில் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற உரிமம் வாங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பரிசாக வாங்கித் தர நினைக்கிறேன். எது சரி?

எடையில் தொடங்குங்கள். 2.3 கிலோவை ஒட்டிய பழைய சிடிஎக்ஸ் 3030 மாதிரிக் கருவியை ஒரு மணி நேரம் வீசினால் இளைஞருக்கே தோள் வலிக்கும். ஒன்றரைக் கிலோவுக்குள் பாருங்கள். திரையில் எண் பெரிதாக இருக்கட்டும். காது சற்று மந்தம் என்றால் அதிர்வு மூலம் உணர்த்தும் கருவிகள் உண்டு, சிம்ப்ளெக்ஸ் அவற்றில் ஒன்று. நல்ல ஹெட்ஃபோனும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எளியதையே வாங்க வேண்டும் என்பதில்லை. வானொலியைப் பிரித்து மாட்டிய தலைமுறை அது. குனிந்து தோண்டுவதுதான் அவருக்குக் கஷ்டம், மெனு அல்ல. நீளமான கைப்பிடி உள்ள மண்வெட்டி வாங்கிக் கொடுங்கள்.

பேரப்பிள்ளைக்கும் சேர்த்து என்றால் தண்டின் நீளத்தைச் சுருக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பொம்மைக் கடை டிடெக்டர் வேண்டாம். எதையும் கண்டுபிடிக்காத கருவி பிள்ளையின் ஆர்வத்தை அன்றைக்கே கொன்றுவிடும்.

கடற்கரையில் தங்கச் சங்கிலி தொலைந்துவிட்டது. அதற்காக ஒரு கருவி வாங்க வேண்டுமா?

வேண்டாம். அருகில் உள்ள டிடெக்டர் சங்கத்தாரைக் கேளுங்கள், பலர் சந்தோஷமாக வந்து தேடித் தருவார்கள். அவசரப்பட்டுப் புதுக் கருவியோடு போகிறவரைவிடப் பழகிய காது உள்ளவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மோதிரம் எளிது, சங்கிலி கடினம். மோதிரம் ஒரு முழு வளையம், சுழல் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றும். மெல்லிய சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, நூற்றுக்கணக்கான துளி வளையங்களாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் கேட்காத அளவுக்குச் சிறியது. தாலிக்கொடி போலத் தடித்ததும், டாலரோ தாலியோ கோத்ததும் அந்தக் கனத்த பகுதியால் அகப்படும். மெல்லிய செயின் என்றால் தேட வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் டிஸ்கிரிமினேஷனை முழுக்க எடுத்துவிட்டு, அதிக அதிர்வெண்ணில் தேடுவார். இதெல்லாம் மாற்ற முடிகிற கருவி அன்றைக்குக் கைகொடுக்கும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய்த் தேடலாமா?

எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். பழஞ்சின்னங்களைச் சுற்றித் தோண்டுவதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. இலங்கையில் தொல்பொருளுக்காக அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். வடக்கில் கண்ணிவெடி அபாயமும் முழுதாகத் தீரவில்லை.

பிரிட்டனிலும் எங்கே வேண்டுமானாலும் தோண்ட முடியாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், எழுத்தில் இருந்தால் நல்லது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் நிலத்தில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு உட்பட்ட பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு, அங்கே இன்னும் கடுமை.

எளிய கருவியிலிருந்து எப்போது மாறலாம்?

சலிப்பு வந்தால் மாறாதீர்கள். அது வயலின் குறையாக இருக்கும். உங்கள் கருவி எடுக்கும் எந்த முடிவு உங்களைத் தடுக்கிறது என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் மாறுங்கள். 'ஈர மணலில் சென்சிட்டிவிட்டியைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டியிருக்கிறது.' 'ஆணி உள்ள மேட்டில் பக்கத்தில் நிற்பவர் எடுக்கிறார், எனக்குக் கேட்கவே இல்லை.' இப்படிச் சொல்ல வந்துவிட்டால் எந்த வசதிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பழைய கருவியை விற்றுவிடாதீர்கள். உடன் வரும் நண்பருக்குக் கொடுக்க உதவும்.

பழைய கருவி வாங்குவதில் ஆபத்து உண்டா?

எளிய கருவியில் குறைவு. டெசோரோ மாதிரித் திருகு மட்டும் உள்ளவற்றில் உடைய அதிகம் இல்லை, ஆனால் நிறுவனம் மூடப்பட்டதால் உடைந்தால் உதிரி தேடி அலைய வேண்டும். நவீனக் கருவியில் பார்க்க வேண்டியது உள்ளே பொருத்திய பேட்டரி, தண்ணீர் புகுந்த தடம், காயில் கம்பியின் கழுத்து. போலி மைன்லேப், போலி காரெட் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வரிசை எண்ணை வாங்கி, காசு கொடுக்கும் முன் தயாரித்த நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். நேரில் போனால் கையோடு ஒரு மெட்டியும் ஓர் ஆணியும் கொண்டுபோய்ப் புல்தரையில் வைத்து, ரீசெட் செய்துவிட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.